பணம், வெற்றி, தன்மதிப்பு: கிறிஸ்தவம் உண்மையில் என்ன சொல்கிறது?

கிறிஸ்தவம் பணத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்டுப் பாருங்கள், இரண்டு பதில்கள் சட்டென்று வரும். "பணம்தான் எல்லாத் தீமைக்கும் வேர் என்று பைபிளிலேயே இருக்கிறதே" என்பார்கள் சிலர். "கர்த்தர் நம்மை வாலாக்காமல் தலையாக்குவார்" என்பார்கள் வேறு சிலர். இரண்டும் பைபிளிலிருந்து எடுத்தவைதான். ஆனால் இரண்டுமே அரைகுறை.

முதலாவது, ஆரம்பகாலத் திருச்சபையின் தூதரான பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தின் 6ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது. அங்கே இருக்கும் வரி "பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேராயிருக்கிறது" என்பது. ஆசையை விட்டுவிட்டுப் பணத்தை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டோம். அதே அதிகாரத்தில் கொஞ்சம் தள்ளிப் பணக்காரர்களுக்கென்றே தனியாக அறிவுரை இருக்கிறது. சொத்தையெல்லாம் விட்டுவிடுங்கள் என்று அதில் இல்லை. இறுமாப்பு வேண்டாம், நிலையில்லாத செல்வத்தை நம்ப வேண்டாம், தாராளமாகக் கொடுங்கள் என்றுதான் இருக்கிறது. நாம் அனுபவிப்பதற்காகவே கடவுள் எல்லாவற்றையும் தருகிறார் என்றுகூட ஒரு வரி உண்டு.

இரண்டாவது வரி பைபிளின் முற்பகுதியான பழைய ஏற்பாட்டில், உபாகமம் 28இல் உள்ளது. அந்த அதிகாரத்தில் ஆசீர்வாதங்கள் 14ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகின்றன. மீதி 54 வசனங்களும் கீழ்ப்படியாவிட்டால் வரும் சாபங்கள். ஒரு முழு ஜனத்தோடு கடவுள் செய்துகொண்ட உடன்படிக்கையின் பகுதி அது. தனி ஆளின் சம்பள உயர்வுக்கான உத்தரவாதமாக அதைப் படிக்க முடியாது. சுவரில் மாட்டுவதற்கு என்னவோ 13ஆம் வசனம் மட்டும்தான் அச்சாகிறது.

இந்த இரண்டு பேச்சும் எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டின் கையிலும் இருப்பது ஒரே அளவுகோல். பணம் இருந்தால் கடவுளுக்குப் பிடித்தவன் என்கிறது ஒன்று. பணம் இல்லாவிட்டால்தான் கடவுளுக்குப் பிடித்தவன் என்கிறது மற்றது. மனிதனைப் பணத்தால் அளப்பதில் இரண்டுக்கும் கருத்து வேறுபாடே இல்லை. கிறிஸ்தவ மரபின் மையமான பேச்சு அந்த அளவுகோலையே வாங்கி ஓரமாக வைத்துவிடுகிறது என்பதுதான் என் வாசிப்பு.

ஒரு பின்னக் கணக்கு

தன்மதிப்பு எங்கிருந்து வருகிறது? அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் இதை ஒரு பின்னமாகவே எழுதிக் காட்டினார். மேலே நாம் அடைந்த வெற்றி, கீழே நாம் ஆசைப்பட்டது. மேலே உள்ளது கூடினாலும் தன்மதிப்பு உயரும், கீழே உள்ளது குறைந்தாலும் உயரும். இன்றைக்கும் இது பொருந்துகிறது. கூடப் படித்தவன் வீடு வாங்கிய செய்தி காதில் விழுந்ததும் நம்முடைய அதே பழைய சம்பளம் திடீரென்று சிறுத்துப்போகிறதே, அங்கே நடந்தது இதுதான். மேலே எதுவும் குறையவில்லை, கீழே இருந்த எண் கூடிவிட்டது.

சமய உலகத்திலும் இந்தப் பின்னத்தைச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் உண்டு. "விசுவாசி, பெற்றுக்கொள்வாய்" என்று பிரசங்கிப்பவர் மேலே உள்ள எண்ணைக் கூட்டப் பார்க்கிறார். "ஆசையையே விடு" என்பவர் கீழே உள்ளதைக் குறைக்கச் சொல்கிறார். பைபிளின் முதல் பக்கமோ வேறு இடத்தில் தொடங்குகிறது. ஆதியாகமம் 1இல் மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்படுகிறான். அதற்கு முன் அவன் ஒரு வேலையும் செய்து முடிக்கவில்லை, எதையும் சம்பாதிக்கவில்லை. மெசொப்பொத்தாமியாவிலும் எகிப்திலும் அந்தக் காலத்தில் கடவுளின் சாயல் என்ற பட்டம் அரசனுக்கு உரியது. அதை எடுத்து, ஆண் பெண் என்று பாராமல் எல்லோருக்கும் கொடுத்ததுதான் அந்தப் பக்கத்தின் துணிச்சல்.

இயேசுவின் கதையிலும் இதே வரிசை இருப்பதைப் பார்க்கலாம். அவர் வாழ்க்கையைச் சொல்லும் நற்செய்திகளில் ஒன்றான லூக்காவின் 3ஆம் அதிகாரத்தில் அவர் ஞானஸ்நானம் பெறும்போது வானத்திலிருந்து ஒரு குரல்: "நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன்." அந்தக் கட்டத்தில் அவர் எந்த நோயாளியையும் குணப்படுத்தியதாக லூக்கா எழுதவில்லை. பிரசங்கமும் இல்லை, சீடர்களும் இல்லை. சாதனைப் பட்டியல் காலியாக இருக்கும்போதே பாராட்டு வந்துவிடுகிறது. அப்புறம் வனாந்தரத்தில் சோதனை. "நீர் தேவனுடைய குமாரனேயானால்" செய்து காட்டும் என்கிறான் சோதிப்பவன். உலகத்தின் ராஜ்யங்களையெல்லாம் காட்டி, அவற்றின் அதிகாரத்தையும் மகிமையையும் தருகிறேன் என்றும் பேரம் பேசுகிறான். ஏற்கெனவே கொடுக்கப்பட்ட ஒன்றை நிரூபித்துக் காட்டச் சொல்வதுதான் அங்கே நடக்கும் சோதனை. இயேசு நிரூபிக்கவில்லை.

இதே விஷயம் குருவி விலையிலும் வருகிறது. மத்தேயு 10இல் ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவிகள். லூக்கா 12இல் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப்படி நான்குதான் வர வேண்டும். ஆக, ஐந்தாவது கொசுறு. சந்தையில் அதற்கென்று ஒரு விலைகூட இல்லை. "அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை" என்று இயேசு சொல்லும்போது அந்தக் கொசுறுக் குருவியும் கணக்கில் இருக்கிறது.

யோபுவின் நண்பர்கள் இன்னும் இருக்கிறார்கள்

பழைய ஏற்பாடு செல்வத்தைக் கெட்டதாகப் பார்ப்பதில்லை. ஆபிரகாம் பெரிய சொத்துக்காரர். நீதிமொழிகள் உழைப்பைப் புகழ்ந்து, சோம்பேறியை எறும்பிடம் பாடம் படிக்கச் சொல்கிறது. ஆனால் சம்பாதித்தவன் மனதுக்குள் என்ன பேசிக்கொள்கிறான் என்பதில் அதற்குக் கண். உபாகமம் 8இல் ஒரு எச்சரிக்கை: "என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும் இந்த ஐசுவரியத்தை எனக்குச் சம்பாதித்தது" என்று உன் உள்ளத்தில் சொல்லிக்கொள்ளாதே. சம்பாதிக்கும் பலத்தைக் கொடுத்தவரே கடவுள் என்கிறது அடுத்த வசனம். பிறகு பவுல் இதையே ஒரு கேள்வியாக்கி கொரிந்து சபையிடம் கேட்டார்: உன்னிடம் இருப்பவற்றில் நீ பெற்றுக்கொள்ளாதது எது? பிறந்த வீடு, கற்றுக்கொடுத்த ஆசிரியர், உடல்நலம், நல்ல நேரத்தில் கிடைத்த வாய்ப்பு என்று எண்ணத் தொடங்கினால் 'என் சொந்த முயற்சி' என்ற பங்கு மெலிந்துகொண்டே போகும். முயற்சி பொய் என்று பொருளில்லை. முயற்சி செய்யும் தெம்பும் எங்கிருந்தோ வந்ததுதானே.

இப்போது யோபுவின் புத்தகத்துக்கு வருவோம். யோபு நல்லவர், செல்வந்தர். ஒரே நாளில் சொத்தும் பிள்ளைகளும் போய்விடுகின்றன. பிறகு உடல்நலமும் போகிறது. ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள் மூவரும் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த மௌனத்தோடு நிறுத்தியிருந்தால் நல்ல பெயரோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அப்புறம் வாய் திறந்தார்கள். நல்லவனுக்குக் கடவுள் நல்லதுதான் செய்வார், உனக்குக் கெட்டது நடந்திருக்கிறது, அப்படியென்றால் நீ ஏதோ தப்பு செய்திருக்கிறாய். இதுதான் அவர்கள் தர்க்கம். கடைசி அதிகாரத்தில் கடவுள் அந்த நண்பர்கள்மேல் கோபம் கொள்கிறார். நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். கடவுளுக்கு ஆதரவாகப் பேசியவர்கள் கண்டிக்கப்படுகிறார்கள், கடவுளோடு சண்டை போட்ட யோபுவின் பக்கம் நியாயம் வழங்கப்படுகிறது.

வியாபாரத்தில் நஷ்டப்பட்டவரிடம், குழந்தை இல்லாதவரிடம், வேலை போனவரிடம் "ஏதாவது பாவம் மறைந்திருக்கும், ஜெபித்துப் பாருங்கள்" என்று இன்றைக்கும் சொல்பவர்கள் இந்த நண்பர்களின் வாரிசுகள். சொல்லும்போது பக்தியாகத்தான் தோன்றும்.

இயேசுவும் பணக்காரர்களும்

இயேசு பணத்தைப் பற்றி நிறையவே பேசியிருக்கிறார். ஆனால் அவர் பேச்சிலிருந்து எல்லோருக்கும் பொருந்தும் ஒற்றை விதியை எடுக்க முயன்றால் மாட்டிக்கொள்வோம். லூக்கா 18ஐயும் 19ஐயும் அடுத்தடுத்து வாசித்தாலே தெரிந்துவிடும். 18இல் ஒரு பணக்காரர் வருகிறார். நித்திய வாழ்வுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். கட்டளைகளையெல்லாம் சிறு வயதிலிருந்தே கடைப்பிடித்தவர். எல்லாவற்றையும் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வா என்கிறார் இயேசு. அவர் துக்கத்தோடு போய்விடுகிறார். மாற்கு இதே சம்பவத்தை எழுதும்போது, இயேசு அவரைப் பார்த்து அன்புகூர்ந்தார் என்ற ஒரு குறிப்பையும் சேர்க்கிறார். திட்டுவதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. அந்த ஆள் தன்னைத் தாங்கி நிற்பதாக நினைத்த தூண் எதுவோ, அதில் கை வைத்தார்.

ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது பற்றிய வாக்கியம் இங்கேதான் வருகிறது. எருசலேமில் 'ஊசியின் கண்' என்று ஒரு சிறிய வாசல் இருந்தது, ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டு மண்டியிட்டு அதில் நுழைந்துவிடும் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அப்படி ஒரு வாசல் இருந்ததற்குச் சான்று எதுவும் இல்லை. பல நூற்றாண்டுகள் கழித்து வந்த விளக்கம் அது. முடியவே முடியாத காரியத்தைச் சொல்வதற்காகத்தான் இயேசு அந்த உவமையை எடுத்தார். அதனால்தான் கேட்டவர்கள் திகைத்து, அப்படியானால் யார்தான் மீட்கப்பட முடியும் என்று கேட்கிறார்கள். அவர்கள் திகைப்புக்கும் காரணம் உண்டு. செல்வம் கடவுளின் ஆசீர்வாதத்துக்கு அடையாளம் என்று வளர்ந்தவர்களுக்கு, பணக்காரனே உள்ளே போக முடியாது என்றால் மற்றவர்கள் கதி என்ன?

அடுத்த அதிகாரத்தில் சகேயு. எரிகோவின் தலைமை வரி வசூலிப்பவர், பணக்காரர், ஊரின் வெறுப்பைச் சம்பாதித்தவர். மரத்தில் ஏறியிருந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார் இயேசு. அதற்குப் பிறகுதான் சகேயு பேசுகிறார்: சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது இருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன். பாதிதான். மீதிப் பாதி எங்கே என்று இயேசு கேட்கவில்லை. "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்கிறார். இங்கே வரிசை முக்கியம். மரியாதை முதலில் கிடைத்தது, பணம் அதன்பின் கையை விட்டுப் போனது. சகேயு கொடுத்து மதிப்பை வாங்கவில்லை. மதிப்பு கிடைத்ததால் கொடுக்க முடிந்தது.

தவிர, இயேசுவின் பயணங்களுக்குச் செலவு செய்தவர்களும் இருந்தார்கள். ஏரோதின் அதிகாரி கூசாவின் மனைவி யோவன்னாள், சூசன்னாள் என்று பெயரோடு லூக்கா 8 சொல்கிறது. இயேசுவை அடக்கம் செய்த அரிமத்தியா ஊர் யோசேப்பும் பணக்காரரே. வசதி இருப்பதே தடை என்றால் இவர்களுக்குக் கதையில் இடம் இருந்திருக்காது.

அப்படியானால் ஆபத்து எங்கே? லூக்கா 12இல் வரும் விவசாயியைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். நிலம் நன்றாக விளைந்தது. திருட்டு இல்லை, கூலியை ஏமாற்றியதாகவும் குற்றச்சாட்டு இல்லை. "நான் என்ன செய்வேன்? என் தானியங்களைச் சேர்த்துவைக்கிறதற்கு இடமில்லையே" என்று தொடங்குகிறார். என் களஞ்சியங்களை இடிப்பேன், பெரிதாகக் கட்டுவேன், என் பொருள்களை அங்கே வைப்பேன், பிறகு என் ஆத்துமாவிடம் சொல்வேன்: உனக்குப் பல வருஷத்துக்கு இருக்கிறது, சாப்பிட்டுக் குடித்து மகிழ்ச்சியாக இரு. இந்தக் கதையில் மனைவி இல்லை, வேலையாள் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. தன்னிடம் தானே பேசி, தனக்குத் தானே பதில் சொல்லிக்கொள்ளும் மனிதர். அன்றிரவே உயிர் போகப்போகிறது என்பது கதையின் முடிவு. ஆனால் அந்தப் பேச்சிலேயே அவர் தனிமைப்பட்டுவிட்டார். இயேசு இந்தக் கதையைச் சொன்னதே, அண்ணன் தம்பி சொத்துப் பாகப்பிரிவினைக்குத் தீர்ப்புச் சொல்லும்படி கூட்டத்தில் ஒருவர் கேட்டதற்குப் பதிலாகத்தான். "ஒருவனுக்கு எவ்வளவு திரளான ஆஸ்தி இருந்தாலும் அது அவனுக்கு ஜீவன் அல்ல" என்பது அதன் முன்னுரை.

ஒப்பிட்டுப் பார்க்கும் வியாதிக்கு மத்தேயு 20இல் இன்னொரு கதை உண்டு. திராட்சைத் தோட்ட முதலாளி விடியற்காலையில் சிலரை ஒரு நாள் கூலியான ஒரு பணத்துக்கு அமர்த்துகிறார். பிறகும் நேரத்துக்கு நேரம் போய் ஆள் எடுக்கிறார். வேலை முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதுகூட எடுக்கிறார். மாலையில் கடைசியாக வந்தவர்களுக்கு முதலில் கூலி, அதுவும் முழுக் கூலி. காலையிலிருந்து உழைத்தவர்களுக்கும் பேசியபடி அதேதான். அவர்கள் கூலியில் ஒரு காசு குறையவில்லை, ஆனாலும் முணுமுணுக்கிறார்கள். வெயிலைச் சகித்த எங்களுக்கு "இவர்களைச் சமமாக்கினீரே" என்பதுதான் புகார். பணம் போதவில்லை என்ற குறை இல்லை. அடுத்தவன் நமக்குக் கீழே இல்லையே என்ற குறை. சொல்லப்போனால், பைபிளில் என்னை அதிகம் சங்கடப்படுத்தும் கதை இதுதான். நியாய உணர்வு முழுக்க முணுமுணுத்தவர்கள் பக்கம் சாய்கிறது.

நல்ல இடமும் பாதபடியும்

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது, சபைக்குள் நடைமுறை எப்படி என்று கேட்டால், ஆரம்பத்திலிருந்தே சறுக்கல்தான். யாக்கோபு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரம் ஒரு காட்சியைக் காட்டுகிறது. பொன்மோதிரமும் மினுக்கான உடையும் போட்ட ஒருவரும் கந்தையுடுத்திய ஒருவரும் சபைக்கு வருகிறார்கள். முதலாமவரிடம் "ஐயா, நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்" என்று உபசாரம். ஏழையிடம் "நீ அங்கே நில்லு, அல்லது இங்கே என் பாதபடியண்டையிலே உட்காரு." பாதபடி என்றால் கால் வைக்கும் மணை. யாக்கோபு இதைச் சின்ன ஒழுங்குக் குறைவாக எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் நீதிபதிகளாகிவிட்டீர்கள், அதுவும் தவறான எண்ணமுள்ள நீதிபதிகள் என்கிறார்.

இருக்கையில் தொடங்கும் இந்தப் பாகுபாடு இன்றைக்கு வேறு உருவங்களில் தொடர்கிறது. கமிட்டிக்கு யாரை எடுப்பது, யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போதகர் கட்டாயம் போவார், கடவுள் தனக்குச் செய்ததைச் சபைமுன் சொல்லும் 'சாட்சி'க்கு யார் மேடைக்கு அழைக்கப்படுகிறார் என்று பார்த்தாலே போதும். வேலை கிடைத்தது, வீடு வாங்கினோம், விசா வந்தது என்று சாட்சிகள் வரும். வேலை கிடைக்காமலே ஆறு வருஷம் நம்பிக்கையோடு இருந்தவரை யாரும் மைக் முன்னால் நிறுத்துவதில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பவருக்குத் தன்னைப் பற்றி என்ன தோன்றும்?

இரண்டாயிரம் வருஷத்து இழுபறி

திருச்சபை வரலாற்றில் இந்தக் கேள்வி ஓய்ந்ததே இல்லை. அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து சுமார் கி.பி. 200இல், எந்தப் பணக்காரன் மீட்கப்படுவான் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, பொருளை வைத்திருப்பதைவிட அதன்மேல் உள்ள பற்றே விஷயம் என்று வாதிட்டார். அதே எகிப்தில் அந்தோனியார் அந்தப் பணக்காரரின் கதையைக் கோவிலில் வாசிக்கக் கேட்டு, தன் நிலத்தையே கொடுத்துவிட்டு வனாந்தரம் போனார். 4ஆம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோது செசரியாவின் பசிலியார், நீ பதுக்கி வைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது என்று பணக்காரர்களின் முகத்துக்கு நேராகப் பிரசங்கித்தார். துணி வியாபாரியின் மகனான அசிசியின் பிரான்சிஸ், ஆயர் முன்னிலையில் போட்டிருந்த உடையையும் கழற்றித் தந்தையிடம் திருப்பிக் கொடுத்தது எல்லோருக்கும் தெரிந்த கதை.

16ஆம் நூற்றாண்டில் புராட்டஸ்டன்ட் சபைகள் பிறந்த சீர்திருத்தத்துக்குப் பின் போக்கு மாறியது. செருப்புத் தைப்பவரின் வேலையும் குருவின் வேலையைப் போலவே கடவுளின் அழைப்புதான் என்றார் லூதர். சாதாரண உழைப்பாளியின் தன்மதிப்புக்கு இது பெரிய வரவு. ஆனால் இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வினின் வழிவந்தவர்களிடம் இன்னொரு கவலை முளைத்தது. யார் மீட்கப்படுவார் என்று கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்றால், நான் அந்தப் பட்டியலில் இருக்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அந்தப் பதற்றத்தில் கடின உழைப்பையும் தொழில் வெற்றியையும் அடையாளமாகத் தேடினார்கள், முதலாளித்துவ மனநிலைக்கு அது உரமானது என்று ஜெர்மானிய சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1904-05இல் எழுதினார். வெனிசிலும் புளோரன்சிலும் அதற்கு முன்பே வணிகம் கொடிகட்டிப் பறந்ததே என்று மறுப்பவர்களும் உண்டு. வரலாறு எப்படியோ, வேபர் சுட்டிய அந்தப் பதற்றம் பலருக்கும் பழக்கமானதுதான்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் பேச்சு எனக்குப் பிடிக்கும். 1760இல் வெளியான பிரசங்கம் ஒன்றில், முடிந்தவரை சம்பாதியுங்கள், முடிந்தவரை மிச்சம் பிடியுங்கள், முடிந்தவரை கொடுங்கள் என்றார். முதுமையில் அவரே நொந்துகொண்டார்: முதல் இரண்டையும் கேட்கிறார்கள், மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். பக்தி உழைப்பையும் சிக்கனத்தையும் தரும், அவை செல்வத்தைத் தரும், செல்வம் பக்தியைத் தின்றுவிடும் என்று கவலைப்பட்டார். மெதடிஸ்டுகள் அவர் கண் முன்னாலேயே வசதியானவர்களாகிக்கொண்டிருந்தார்கள்.

20ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் தன்மதிப்பே நேரடியாகப் பிரசங்கப் பொருளானது. ராபர்ட் ஷூலர் 1955இல் கலிஃபோர்னியாவின் ஒரு டிரைவ்-இன் தியேட்டரில், சிற்றுண்டிக் கடையின் கூரைமேல் நின்று பிரசங்கிக்கத் தொடங்கினார். கார்களில் உட்கார்ந்தபடியே மக்கள் கேட்டார்கள். 1980இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிப் பலகைகளால் ஆன பிரம்மாண்டமான 'கிரிஸ்டல் கதீட்ரல்' எழுந்தது. 1982இல் மனிதனின் ஆழமான பசி தன்மதிப்புதான், திருச்சபைக்கு அதைச் சுற்றி ஒரு புதிய சீர்திருத்தம் தேவை என்று புத்தகம் எழுதினார். குற்ற உணர்வை ஏற்றி ஏற்றியே மனிதர்களை நசுக்கிய பிரசங்கங்கள் ஏராளம் என்பதால் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் பாவம், மனந்திரும்புதல் என்ற பேச்செல்லாம் தன்னைப் பற்றி நன்றாக உணர்வதற்குள் கரைந்துவிட்டது என்று விமர்சகர்கள் சொன்னார்கள். அவருடைய ஊழிய நிறுவனம் 2010இல் திவால் மனு கொடுத்தது. அந்தக் கட்டடம் இன்று ஆரஞ்ச் மறைமாவட்டத்தின் கத்தோலிக்கப் பேராலயம்.

செழிப்பு உபதேசத்தில் என்ன சிக்கல்?

ஷூலரின் நேர்மறைச் சிந்தனையும் செழிப்பு உபதேசமும் ஒன்றல்ல, ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்கள். இ. டபிள்யூ. கென்யான், ஓரல் ராபர்ட்ஸ், கென்னத் ஹேகின் போன்றோர் வழியாக அமெரிக்காவில் வளர்ந்து உலகமெல்லாம் பரவிய செழிப்பு உபதேசம் சொல்வது இது: விசுவாசித்து, அதை வாயால் அறிக்கையிட்டால் செல்வமும் சுகமும் உன் உரிமை. காணிக்கை ஒரு விதை. விதைத்தால் நூறு மடங்கு அறுவடை.

இது ஏன் ஏழைகளை இவ்வளவு ஈர்க்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் கேலி செய்வது சுலபம். நீ உருப்பட மாட்டாய் என்று காலமெல்லாம் கேட்டுவந்த ஒருவரிடம், நீ ராஜாவின் பிள்ளை என்று முதன்முதலில் ஒருவர் சொல்கிறார். குடியை விடுகிறார், சேமிக்கிறார், நிமிர்ந்து நடக்கிறார். அந்த மாற்றம் நிஜம்.

சிக்கல், அறுவடை வராதபோது தொடங்குகிறது. வாக்குத்தத்தம் பொய்யாக முடியாது, ஆகவே உன் விசுவாசம் போதவில்லை. ராஜாவின் பிள்ளை என்று கொடுத்த மதிப்பு அதே கையால் பிடுங்கப்படுகிறது. முன்பு அவருக்குப் பணம் மட்டும்தான் இல்லை, இப்போது பக்தியும் இல்லை என்றாகிவிட்டது.

வசனங்களையும் சரிபார்க்க வேண்டும். நூறு மடங்கு என்பது மாற்கு 10இல் வருகிறது. அதே வாக்கியத்தில் "துன்பங்களோடேகூட" என்றும் இருக்கிறது. "நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன்" என்ற யோவானின் மூன்றாம் நிருப வரி, நாம் கடிதத்தில் 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதுவதைப் போன்ற வாழ்த்து. "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற பிலிப்பியர் 4:13 தேர்வுக்கும் நேர்காணலுக்கும் முன்னால் சொல்லப்படுகிறது. பவுல் அதைக் காவலில் இருந்தபடி எழுதினார். முந்தைய இரண்டு வசனங்களில், வயிறு நிறையவும் தெரியும், பட்டினி கிடக்கவும் தெரியும், எந்த நிலையிலும் மனநிறைவோடு இருக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறார். அதன் தொடர்ச்சிதான் 'எல்லாவற்றையும்'. தோல்வியைத் தாங்கும் பலமும் அதற்குள் அடக்கம்.

இந்த உபதேசத்துக்குக் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே எதிர்ப்பு உண்டு. உலகளாவிய சுவிசேஷகக் கிறிஸ்தவ அமைப்பான லோசான் இயக்கத்தின் ஆப்பிரிக்க இறையியலாளர்கள் 2008லும் 2009லும் கானாவின் அக்ரோபாங்கில் கூடிப் பேசி ஓர் அறிக்கை தயாரித்தார்கள். கடவுளின் அற்புத வல்லமையை ஏற்றுக்கொண்டபடியே, பணம் கொடுத்தால் பலன் தானாக வரும் என்ற போதனையை அது நிராகரித்தது.

தாழ்மை என்றால் தன்னை வெறுப்பதா?

மறுபக்கத்துச் சிக்கலையும் பார்த்துவிடலாம். சில வீடுகளில் "நான் ஒன்றுமில்லை, புழு" என்று சொல்லச் சொல்லியே பிள்ளைகளை வளர்க்கிறார்கள். பரீட்சையில் முதலிடம் வந்தால்கூட மகிழ்ந்துவிடக் கூடாது, பெருமை வந்துவிடுமாம். பெரியவர்களான பிறகு இவர்கள் நியாயமான சம்பளம் கேட்கவே கூசுகிறார்கள், பதவி உயர்வு வந்தால் குற்ற உணர்வு கொள்கிறார்கள். ரோமர் 12:3 தன்னை மட்டமாக எண்ணச் சொல்லவில்லை. எண்ணவேண்டியதற்கு மிஞ்சி எண்ணாமல், தெளிந்த எண்ணத்தோடு எண்ணச் சொல்கிறது. உள்ளதை உள்ளபடி பார்ப்பது அது. நன்றாகப் பாடுகிறவர் "எனக்குப் பாடவே வராது" என்றால் அது பொய், கூடவே ஒரு பாராட்டுக்கான தூண்டில். அயலானை நேசிக்கச் சொல்லும் கட்டளையும் 'உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோல்' என்றுதான் வருகிறது.

அதனால் வெற்றியை நாடுவது தவறா என்ற கேள்விக்கு நேர் பதில்: இல்லை. ஆகூர் என்பவரின் ஜெபம் நீதிமொழிகள் 30இல் இருக்கிறது: "தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக." காரணத்தையும் சொல்கிறார். நிறைய இருந்தால் கடவுள் யார் என்று கேட்டுவிடுவேன், இல்லாவிட்டால் திருடிவிடுவேன். வறுமையைப் புனிதமாக்காமல், செல்வத்தைச் சாபமாக்காமல், தன் பலவீனம் தெரிந்த ஒருவர் கேட்கும் அளவான சாப்பாடு.

எவ்வளவு கொடுப்பது?

புதியவர்கள் கடைசியில் கேட்பது இதுதான். தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு கொடுப்பது, இஸ்ரவேலின் சட்டத்தில் இருந்தது. ஆலயப் பணி செய்த, நிலமில்லாத லேவியரும் ஏழைகளும் விதவைகளும் அதில் சாப்பிட்டார்கள். கிறிஸ்தவர்களை அது கட்டுப்படுத்துமா என்பதில் சபைக்குச் சபை கருத்து வேறுபடுகிறது. பவுல் கொரிந்தியருக்குச் சதவீதம் எதுவும் சொல்லாமல், வருத்தத்தோடும் வேண்டாம், கட்டாயத்தாலும் வேண்டாம், அவரவர் மனதில் தீர்மானித்தபடி கொடுக்கட்டும் என்றார்.

இந்த இடத்தில் மாற்கு 12இல் வரும் ஏழை விதவை தவறாமல் நினைவூட்டப்படுவார். இரண்டு காசு போட்டு, எல்லோரையும்விட அதிகமாகப் போட்டவர் என்று இயேசுவால் பாராட்டப்பட்டவர். பணக்காரர்கள் மிச்சத்திலிருந்து போட்டார்கள், இவர் பிழைப்பையே போட்டார். ஆனால் அதற்குச் சற்று முன்னால் இயேசு யூதச் சட்ட அறிஞர்களான வேதபாரகர்களைப் பற்றி ஒரு கடுமையான வார்த்தை சொல்லியிருக்கிறார்: விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்கள். அடுத்த அதிகாரம், அந்த ஆலயம் கல்லின்மேல் கல் இல்லாமல் இடிக்கப்படும் என்று தொடங்குகிறது. அவர் பாராட்டியதோடு, ஒரு விதவையிடம் கடைசிக் காசையும் எதிர்பார்க்கும் அமைப்பைக் கண்டு வேதனைப்பட்டும் இருக்கலாம் என்று வாசிக்கும் அறிஞர்கள் உண்டு. காணிக்கைப் பிரசங்கத்தில் இந்தக் கதை வரும்போது, விரலை 40ஆம் வசனத்துக்கும் நகர்த்திப் பார்த்துவிட்டுப் பையில் கை வைக்கலாம்.